தோல் வாரும் பல் வாரும்



வானொலியில் பேசுவதற்கு ஓசையைக் காட்டிலும் பொருத்தமான பொருள் வேறு இல்லை. இன்று நான் எடுத்துக்கொண்டது மோட்டார் சைக்கிளின் ஓசை. எஞ்சின் எழுப்பும் முழக்கத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எஞ்சினில் பிறந்த ஆற்றல் பின்சக்கரத்தைச் சென்றடைகிறதே, அந்தக் குறுகிய வழியில் எழும் சிறு சிறு ஓசைகளைப் பற்றியே பேசுவேன். அவ்வழியில் முதலில் தோல் வார் இருந்தது. அதை இரும்புச் சங்கிலி விரட்டியது. எழுபது ஆண்டுகள் சென்றபின், பற்கள் வைத்த புதிய வார் ஒன்று வந்து பழைய இடத்தில் மீண்டும் அமர்ந்தது. ஒவ்வொரு மாற்றமும் பழைய ஓசையொன்றை அடக்கியது; அடக்கியதாலேயே அதுவரை கேளாத ஓசையொன்றைக் கேட்கச் செய்தது. அந்த வரலாற்றையும், அது நமக்குக் கற்பிக்கும் நோயறியும் முறையையும், அம்முறையை நானே ஒருமுறை மறந்து தவறியதையும் இன்று சொல்லுகிறேன்.

என் இளமையில் எங்கள் ஊரில் ஓர் அரிசி ஆலை இருந்தது. அங்கே எஞ்சின் ஒன்றுதான். அது கூரையின்கீழ் நீண்டு கிடந்த இரும்புத் தண்டு ஒன்றைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அகன்ற பெல்ட்டுகள் இறங்கி ஓடும். பெல்ட்டின் இரு முனைகளையும் இரும்புக் கொக்கிகளால் இணைத்திருப்பார்கள். பட்டறைகளில் புல்லி என்று வழங்கும் கப்பியின்மேல் அந்த இணைப்பு ஏறும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஆலை மிஸ்திரி மூலையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் படிப்பதை நிறுத்தித் தலை நிமிர்ந்தார். “தம்பி, சத்தம் மாறிடுச்சு. கொஞ்சம் தள்ளி நில்லு” என்று என்னை விலக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினார். இணைப்பில் இரண்டு கொக்கிகள் விட்டுப்போயிருந்தன. ஓடும் பெல்ட் அறுந்தால் சாட்டையைப் போல் வீசும்; அதன் எதிரே நிற்பவன் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு ‘டக்’கின் மாற்றத்தை அவர் எப்படிக் கேட்டார் என்ற வியப்பு என்னை விட்டு இன்றளவும் நீங்கவில்லை.

கேட்டு அறிவதும் ஒரு கலை என்பதை மருத்துவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்டு அவுன்பிருக்கர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் தேங்கியிருப்பதை அறியும் முறையை 1761ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு மது இருக்கிறது என்று அறியும் வழக்கம் அத்தொழிலில் உண்டு. பாரிஸில் ரெனே லாயென்னெக் 1816ஆம் ஆண்டு ஒரு காகிதச் சுருளைக் காதில் வைத்து இதயத்தின் ஒலியைக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மோட்டார் சைக்கிள் தோன்றுவதற்கு முன்பே, உள்ளே பாராமல் உள்ளிருப்பதை அறியும் முறையை மனிதன் கற்றுவிட்டான் என்பது இதனால் விளங்கும்.

இனி நம் பொருளுக்கு வருவோம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரை அடுத்த கான்ஷ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885ஆம் ஆண்டு ஒரு வண்டியை உருவாக்கினார்கள். மரச் சட்டம், மரச் சக்கரங்கள், இருபுறமும் சாயாமல் தாங்கச் சிறு துணைச் சக்கரங்கள், நடுவே அரைக் குதிரைத்திறன் உள்ள சிறிய எஞ்சின்: இதுவே பெட்ரோலால் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று போற்றப்படுகிறது. எஞ்சினின் சுழற்சியை அதில் ஏந்திச் சென்றது ஒரு வார்தான். வேகத்தை மாற்ற வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டு, வாரை ஒரு கப்பியிலிருந்து வேறோர் அளவுள்ள கப்பிக்கு மாற்ற வேண்டும். ஒன்றில் மணிக்கு 6 கிலோமீட்டர். மற்றொன்றில் 12 கிலோமீட்டர்.

அதன்பின் வந்த கால் நூற்றாண்டில் உலகெங்கும் தோன்றிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை வாரையே நம்பியிருந்தன. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. ஆலைகளில் பழகிய பொருள்; விலை குறைவு; அறுந்தால் வழியிலேயே தைத்துக்கொள்ளலாம். அன்றைய எஞ்சின் ஒவ்வொரு வெடிப்பிலும் சக்கரத்தை உதைத்துத் தள்ளும் இயல்புடையது. சற்றே நீண்டு சற்றே வழுக்கும் தோல் அந்த உதையைத் தாங்கி மென்மையாக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஓசையின்றி ஓடியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் தொடக்க கால வண்டிக்கு ‘சைலன்ட் கிரே ஃபெலோ’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஓசையற்ற சாம்பல்நிறத் தோழன் என்பது அதன் பொருள். அந்த அமைதிக்கு நல்ல சத்தமடக்கிக் குழாயும் காரணம். தோல் வாரும் காரணம்.

ஆயினும் தோலுக்குப் பெரும் பகை ஒன்று உண்டு. அது மழை. தோல் வாருக்கும் கப்பிக்கும் இடையே உள்ள உறவு உராய்வு ஒன்றே. நீர் புகுந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் கப்பி சுழலும், வார் நிற்கும். அப்போது எழும் கிறீச்சொலியை அக்காலத்து ஓட்டிகள் நன்கு அறிந்திருந்தார்கள். மேட்டில் ஏறும்போது அது கேட்டால் வண்டியிலிருந்து இறங்கித் தள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். வாரின் இணைப்புக் கொக்கிகளும், துளையிடும் கருவியும், உதிரித் துண்டுகளும் இல்லாமல் எவரும் நெடும்பயணம் புறப்பட்டதில்லை.

தோல் வாரின் காலம் முடிந்ததை உலகுக்கு அறிவித்தது ஒரு மலை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவில் 1907ஆம் ஆண்டு தொடங்கி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்துவந்தது. 1911ஆம் ஆண்டு அப்பந்தயத்தை ஸ்னேஃபெல் மலையின் தோளில் ஏறி இறங்கும் புதிய பாதைக்கு மாற்றினார்கள். சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து வந்த இந்தியன் என்னும் பெயருடைய மோட்டார் சைக்கிள்கள் அதில் கலந்துகொண்டன. அவற்றுக்கு இரண்டு வேகப் பற்சக்கரங்கள் இருந்தன. வாருக்குப் பதிலாகச் சங்கிலி இருந்தது. பெரும்பிரிவுப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அவையே கைப்பற்றின. மலையேற்றத்தில் சங்கிலி வழுக்குவதில்லை என்னும் பாடத்தை மறுக்க அதன்பின் யாராலும் இயலவில்லை. ஹார்லி-டேவிட்சனும் 1912ஆம் ஆண்டு சங்கிலி பூட்டிய வண்டிகளை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் தோல் வார் அந்நிறுவனத்திலிருந்து அறவே மறைந்தது.

வெற்றி பெற்ற சங்கிலி புதிதாகப் பிறந்ததன்று. மான்செஸ்டரில் வாழ்ந்த ஹான்ஸ் ரெனால்டு 1880ஆம் ஆண்டே புஷ்ஷும் உருளையும் கொண்ட சங்கிலியைச் செய்திருந்தார். புஷ் என்று பட்டறையில் சொல்லுவது ஆணியைச் சுற்றி அமையும் சிறு குழலை. சங்கிலி வழுக்காது, ஆனால் பேசாமலும் இராது. அதன் ஒவ்வொரு கண்ணியும் வளையாத ஒரு துண்டு. பற்சக்கரத்தின்மேல் அது வட்டமாகச் சுற்றுவதில்லை. பலகோணமாக மடிந்து மடிந்து சுற்றுகிறது. ஆகவே சங்கிலியின் வேகம் மிக நுண்ணிய அளவில் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு கண்ணியும் பல்லின்மேல் வந்து மோதுகிறது. எண்ணெய் வற்றினால் கரகரக்கும். தளர்ந்தால் உறையில் அடிக்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் ஆணிகளைத் தேய்க்கும். இந்தத் தொல்லையிலிருந்து விடுபட வேண்டிச் சிலர் சுழல்தண்டை நாடினார்கள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1923ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்-32 என்னும் முதல் மோட்டார் சைக்கிளே அத்தகையது. தண்டு தூயது, உறுதியானது. எடையும் விலையும் அதற்குரிய குறைகள்.

வார் திரும்பி வந்த கதை தையல் இயந்திரத்தில் தொடங்குகிறது. தையல் இயந்திரத்தில் மேலே உள்ள ஊசியும் கீழே உள்ள நூற்கண்டும் இம்மியும் பிசகாமல் ஒருங்கே இயங்க வேண்டும். வழுக்கும் வாரால் அது ஆகாது. எல்.எச். கில்மர் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்டு கேஸ், 1940களில், சிங்கர் தையல் இயந்திரத்துக்காக வாரின் உட்புறத்திலேயே பற்களை வைத்தார். கப்பியிலும் அதற்கேற்ற பள்ளங்களை வெட்டினார். உராய்வை நம்பியிருந்த வார் இப்போது பல்லோடு பல் பொருந்திச் சுழன்றது. 1962ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்னும் மோட்டார் காரின் எஞ்சினுக்குள் அது இடம்பெற்றது.

எனினும் ஒரு மோட்டார் சைக்கிளின் முழு ஆற்றலையும் ரப்பர் பற்கள் இழுக்க வேண்டுமானால், வாருக்குள்ளே நீளாத நரம்புகள் வேண்டும். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டெஃபனி குவோலெக் என்னும் பெண்மணி 1965ஆம் ஆண்டு ஒரு கலங்கிய கரைசலைக் கண்டார். தெளிந்த கரைசலையே இழையாக இழுக்க முடியும் என்பது அன்றைய நம்பிக்கை. கலங்கிய நீர்மம் இழை இழுக்கும் நுண்துளைகளை அடைத்துவிடும் என்று இயந்திரத்தைக் கவனித்தவர் அஞ்சினார். குவோலெக் வற்புறுத்தி இழுக்கச் செய்தார். வெளிவந்த இழை எடைக்கு எடை எஃகைப் போல ஐந்து மடங்கு வலிமை உடையதாக இருந்தது. கெவ்லார் என்று வழங்கும் இழை அதுவே. அவ்வகை இழைகளே புதிய பெல்ட்டின் நரம்புகள் ஆயின.

1980ஆம் ஆண்டு ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் ஸ்டர்ஜிஸ் என்னும் வண்டியை வெளியிட்டது. தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் ஆண்டுதோறும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் கூடும் ஊரின் பெயர் அது. அதில் எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்கும், கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்கும் பல் வாரே சென்றது. 1980களின் நடுவில் அந்நிறுவனத்தின் நெடும்பயண வண்டிகளுக்கும் பின்சக்கரப் பெல்ட் வந்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் மழைக்கு அஞ்சி ஓடிய வார், மழையைப் பொருட்படுத்தாத வாராகத் திரும்பியது. எண்ணெய் வேண்டாம், அடிக்கடி இறுக்க வேண்டாம், பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ஓசையோ மிகக் குறைவு.

இங்கேதான், நண்பர்களே, நம் கேள்வி பிறக்கிறது. சங்கிலியின் சலசலப்பு அடங்கியதும், அதன் நிழலில் மறைந்திருந்த ஓசைகளெல்லாம் வெளிப்பட்டன. அமைதியான வண்டியில் புதிதாக ஒரு ‘கீச்’சொலி கேட்டால் ஓட்டி திடுக்கிடுகிறான். அது பெல்ட்டா, கியர்பெட்டியா, சக்கரமா? வீட்டிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சுமை ஏற்றிய வண்டியில், பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு செல்பவனுக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அன்று.

இதற்கு விடை காண, ஆற்றல் செல்லும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பெரிய அமெரிக்க நெடும்பயண வண்டிகளில் எஞ்சின் தண்டிலிருந்து எண்ணெயில் ஓடும் ஒரு குறுகிய சங்கிலி வழியாக ஆற்றல் கிளட்ச்சை அடைகிறது. அங்கிருந்து கியர்பெட்டி, அதன் வெளித்தண்டில் முன் கப்பி, பெல்ட், பின் கப்பி, இறுதியில் சக்கரம். இவற்றுள் சில எஞ்சினின் வேகத்தோடு சுழல்பவை. சில சாலையின் வேகத்தோடு சுழல்பவை. ஓசை எந்த வேகத்தைப் பின்தொடர்கிறது என்பதே முதற் கேள்வி.

வண்டி நிற்கிறது, கியர் விழவில்லை, எஞ்சின் ஓடுகிறது. அப்போதும் ஓசை கேட்டால் பெல்ட் குற்றமற்றது. ஏனெனில் அது சுழலவே இல்லை. கிளட்ச் பிடியை அழுத்தியதும் ஓசை நின்றால் கியர்பெட்டியின் உள்வரும் தண்டை ஐயுறலாம். அழுத்தும்போது மட்டும் ஓசை எழுந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்கை ஐயுறலாம். இனி, ஆள் நடமாட்டமற்ற சமமான சாலையில் வண்டியை ஓட்டி, கிளட்ச்சை அழுத்தித் தானே உருளவிட வேண்டும். எஞ்சின் தணிந்த பின்னும் ஓசை சாலையின் வேகத்தோடு தொடருமானால், கியர்பெட்டியின் வெளித்தண்டிலிருந்து சக்கரம் வரை உள்ள பகுதியில் நோய் இருக்கிறது. வண்டி வளைவில் சாயும்போது ஓசை கூடினாலோ குறைந்தாலோ, சக்கரப் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி தாளத்தைப் பற்றியது. எளிய கணக்கு ஒன்று சொல்லுகிறேன். முன் கப்பிக்கு 32 பற்கள், பின் கப்பிக்கு 64 பற்கள், பெல்ட்டுக்கு 128 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை விடுவித்து, வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடிட்டு எண்ணுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை கேட்டால் குறை சக்கரத்திலோ பின் கப்பியிலோ உள்ளது. ஒரு சுற்றுக்கு இருமுறை கேட்டால் முன் கப்பியில் உள்ளது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் பெல்ட்டிலேயே உள்ளது. பல்லிடையே கல் ஒன்று பதிந்திருக்கலாம், அல்லது பல் ஒன்று சிதைந்திருக்கலாம். எங்கள் ஊர் மிஸ்திரி கேட்ட ‘டக்’ இந்த மூன்றாம் வகை. அவர் கணக்கு எழுதவில்லை. கணக்கு அவர் காதில் இருந்தது.

இதே கணக்கு வேகத்திலும் செல்லும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 5 முறை சுழலும். பற்கள் நொடிக்கு 320 முறை பொருந்தும். அது தனித்தனி ஒலியாகக் கேளாமல் ஒரு சுரமாக ஒலிக்கும். வேகத்தை 72 கிலோமீட்டராக்கினால் 640. அதாவது அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே. வேகத்தோடு இவ்வாறு ஒழுங்காக ஏறி இறங்கும் மெல்லிய இசை பெல்ட்டின் இயல்பான குரல். அது மிகுந்து ஊளையாக மாறினால், பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம்.

பெல்ட்டின் மற்றக் குரல்களையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குருவி கத்துவதுபோன்ற ‘கீச் கீச்’ பெரும்பாலும் தூசியாலோ, துருவாலோ, இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாமையாலோ வருவது. மென்மையான சோப்பு நீரால் கழுவியபின் அது அடியோடு நின்றுவிட்டால் தூசியே காரணம். மறுபடியும் வந்தால் பெல்ட்டின் ஓரத்தையும் கப்பியின் விளிம்பையும் பாருங்கள். ஓரம் தேய்ந்து பளபளத்தால் பின்சக்கர அச்சு கோணலாக நிற்கிறது. பெல்ட் தளர்ந்திருந்தால் உறையில் தட்டும். மிகத் தளர்ந்தால் முடுக்கும்போது பல் தாவி ‘கடகட’வென்னும். முடுக்கும்போதும் தணிக்கும்போதும் ஒரு ‘டணக்’ எழுந்தால், பின் கப்பிக்கும் சக்கரத்துக்கும் இடையே அதிர்ச்சி தாங்க வைத்த ரப்பர்த் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். இறுக்கத்தை விரலால் குத்துமதிப்பாகப் பார்ப்பது போதாது. ஏறத்தாழ நாலரைக் கிலோ விசையால் பெல்ட்டை அழுத்தி, அது எவ்வளவு விலகுகிறது என்பதை அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். சக்கரத்தைச் சற்றுச் சற்றுத் திருப்பிப் பல இடங்களில் அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் அருகே விரலையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது. விரலை இழந்தவர்கள் பலர்.

இனி என் தவற்றைச் சொல்லுகிறேன். என் நண்பர் ஒருவரிடம் பெல்ட் பூட்டிய நெடும்பயண வண்டி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவரும் அவர் மனைவியும் அதில் மலைநாட்டுக்குப் புறப்பட்டார்கள். முதல்நாள் மாலை வழியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “அண்ணா, பின்னாலே கீச்சுக் கீச்சுன்னு சத்தம் வருது. பயணத்தைத் தொடரலாமா?” என்று கேட்டார். பெல்ட்டின் வரலாற்றை அப்போதுதான் ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தவன் நான். மேலும் ஒரு கேள்வி கேளாமல், “பெல்ட்டில் தூசி, தம்பி. சோப்பு நீரால் கழுவிவிட்டுப் போங்கள்” என்றேன். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அழைத்தார். கீச்சொலி நின்றுவிட்டது என்று நன்றி சொன்னார். “இன்னும் ஏதோ லேசா உறுமுற மாதிரி இருக்கு. அது டயர் சத்தமாத்தான் இருக்கும், இல்லையா?” என்றார். ஆம் என்றேன்.

மறுநாள் மலையேறும் சாலையில் மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ வண்டியின் பின்புறம் அசைவதை முதலில் உணர்ந்தவர் அவர் மனைவி. அவர் வற்புறுத்தியதால் வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி அசைத்துப் பார்த்தபோது அது பக்கவாட்டில் ஆடியது. கப்பியின் பக்கத்துப் பேரிங்கில் குண்டுகளைத் தாங்கும் கூடு உடைந்திருந்தது. சற்று முன்பு டயர் மாற்றியபோது ஒரு பட்டறையில் பின்சக்கரத்தைக் கோணலாகவும், பெல்ட்டை மிக இறுக்கமாகவும் பூட்டியிருந்தார்கள். கோணலால் கீச்சொலி வந்தது. இறுக்கத்தால் பேரிங் நைந்து உறுமியது. ஒரே காரணத்தின் இரண்டு குரல்கள் அவை. உரத்த குரலை நான் அடக்கினேன். ஆபத்தான குரலைக் கேட்க மறுத்தேன். ‘வளைவில் சாயும்போது உறுமல் மாறுகிறதா?’ என்று ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் போதும். அந்த அம்மையார் என்னைவிட நன்றாக அந்த வண்டியைக் கேட்டிருந்தார்.

அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறேன். ஓசை ஒன்றைப் பற்றி எவரேனும் கேட்டால், காரணத்தைச் சொல்லுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எப்போது கேட்கிறது? எந்த வேகத்தோடு மாறுகிறது? சக்கரத்தின் சுற்றுக்கு எத்தனை முறை? இதற்குச் சற்று முன்பு அந்த வண்டியில் யார், எதைத் தொட்டார்கள்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகும், சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுகிறேன். ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் மற்றொன்றைத் தேடாமல் விடுவது மருத்துவர்களுக்கும் நேரும் தவறு என்பார்கள். இயந்திரம் பயில்பவர்களுக்கும் அது நேரும்.

மேன் தீவின் மலைச்சாலையில் தோல் வார் வழுக்கிக் கிறீச்சிட்டபோது, அந்த ஓசையை வெறும் தொல்லை என்று கருதியவர்கள் பின்தங்கினார்கள். அது எதைச் சொல்லுகிறது என்று கேட்டவர்கள் சங்கிலியைப் பூட்டினார்கள். சங்கிலியின் அரற்றலைக் கேட்டவர்கள் மீண்டும் வாரைத் தேடி, இம்முறை அதற்குப் பற்களையும் நரம்புகளையும் கொடுத்தார்கள். நாளை மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் பெருகும்போது எஞ்சினின் முழக்கமும் அடங்கிவிடும். அப்போது பேரிங்கின் உறுமலும் பெல்ட்டின் சுரமும் இன்னும் தெளிவாகக் கேட்கும். உங்களில் பொறியியல் பயிலப் போகிறவர்கள் அளவுகோலும் கணக்கும் கற்பீர்கள்; கட்டாயம் கற்க வேண்டும். அவற்றோடு, பட்டறைக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேட்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.